நாற்பது கெஜத்துக்குள் வரட்டும்

மார்ச் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் பெரிய வேட்டைப் பொருள் கடைகளில் ஒரு வரிசையை அப்படியே வான்கோழிக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். இலையும் பட்டையும் அச்சடித்த சட்டை, முன்னும் பின்னும் பைகள் தொங்கும் மேலங்கி, கோழிக் குரல் எழுப்பும் பெட்டிகள், அசல் வால் இறகு செருகிய பொம்மைச் சேவல், ஒரு தோட்டாவுக்கே பத்து டாலர் கேட்கும் டங்ஸ்டன் ரவை. முதன்முறையாக வசந்தகால வேட்டைக்குக் கிளம்புகிறவர் கண்ணில் பட்டதையெல்லாம் கூடையில் போட்டால் ஆயிரம் டாலர் சுலபமாகக் கரைந்துவிடும். துப்பாக்கி விலை தனி.

இவ்வளவும் வேண்டுமா என்றால், பாதிக்கு மேல் வேண்டாம். கடைக்காரர் ஆசை காட்டும் பொருள்களில் சில, புதியவர் கற்க வேண்டிய முதல் பாடத்தையே கற்கவிடாமல் செய்துவிடுகின்றன. பறவையை நாற்பது கெஜத்துக்குள் வரவழைப்பதுதான் அந்தப் பாடம். அறுபது கெஜத்திலிருந்தே வீழ்த்தலாம் என்று ஆசை காட்டும் தோட்டாவுக்குக் கொடுக்கிற காசை, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார உதவும் பொருளுக்குக் கொடுத்தால் முதல் பருவம் உருப்படும்.

தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் கிறிஸ்துமஸ் சமையலிலும் பார்த்த கொழுத்த வான்கோழியை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கக் கூடாது. அமெரிக்கக் காட்டு வான்கோழி இரவில் உயரமான மரக்கிளையில் அடையும். விரட்டினால் குதிரை வேகத்தில் ஓடும், கண்மூடித் திறப்பதற்குள் மரங்களுக்கு மேலே பறந்துவிடும். இனச்சேர்க்கைக் காலமான வசந்தத்தில், விடியும் முன்பே சேவல் கிளையில் இருந்தபடி காடு அதிரக் கத்தும். குரல் கேட்டுப் பெட்டைகள் சேவலைத் தேடிப் போவது அவற்றின் வழக்கம். வேட்டைக்காரர் மரத்தடியில் உட்கார்ந்து பெட்டையைப் போலக் குரல் கொடுத்து, சேவலைத் தன்னிடம் வரச் சொல்கிறார். வழக்கத்தைத் தலைகீழாக்கும் வேலை இது. அதனால்தான் பல சேவல்கள் எண்பது கெஜத்தில் வந்து நின்று, 'நீ ஏன் வரவில்லை' என்பதுபோலத் தோகையை விரித்து நடைபோட்டுவிட்டுத் திரும்பிவிடும். வளர்ப்புக் கவுதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டுக் காட்டுக் கவுதாரியை அழைக்கும் தந்திரம் நம் ஊர்ப்பக்கம் ஒரு காலத்தில் உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதையை முடித்துவைத்தது. அமெரிக்காவில் அலாஸ்கா நீங்கலாக 49 மாநிலங்களில் வசந்தகால வான்கோழி வேட்டைக்கு இன்றும் அனுமதி உண்டு.

எதை வாங்குவது என்பதை அந்தப் பறவையின் புலன்களே சொல்லிவிடும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், கழுத்தைத் திருப்பாமலே முக்கால் வட்டத்துக்குக் குறையாமல் பார்க்கும். நிறம் நன்றாகத் தெரியும். காதும் கூர்மை. ஒரு முறை கொடுத்த குரல் எந்த மரத்தடியிலிருந்து வந்தது என்று கணக்காகத் தேடி வரும். மோப்பம் மட்டும் மிகக் குறைவு. ஆகவே மான் வேட்டைக்காரர்களுக்காக விற்கும் வாடை நீக்கும் சோப்பு, ஸ்பிரே, கரித்தூள் உடை எதுவும் இங்கே வேண்டாம். காலையில் காபி குடித்துவிட்டே போகலாம்.

அசைவுதான் சேவலுக்குக் காட்டிக்கொடுக்கும். எனவே பட்டியலில் முதலிடம், யாரும் பெருமையாகக் காட்டாத ஒரு பொருளுக்கு: உட்காரும் மெத்தை. வேர் துருத்திய ஈரத் தரையில் ஒருவர் இருபது நிமிடம் தாங்குவார். பிறகு இடுப்பை நகர்த்துவார், காலை நீட்டுவார். சேவல் குரல் கொடுக்காமல் பக்கவாட்டில் வந்து நிற்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். தடித்த மெத்தை இணைத்த வேட்டை மேலங்கி நூறு டாலரைத் தொடும். அது இல்லாவிட்டால், ஓர் அடி உயரத்துக்குக் குறைவான மடக்கு நாற்காலி ஒன்றும் பழைய தோள்பையும் அதே வேலையைச் செய்யும். சாய்ந்து உட்காரும் மரம் தோளைவிட அகலமாக இருக்க வேண்டும். உருவத்தை அது மறைக்கும். பின்னாலிருந்து வேறொரு வேட்டைக்காரர் சுட்டுவிட்டால் காப்பதும் அதுவே.

அடுத்தது முகமூடியும் கையுறையும். இரண்டும் சேர்த்து முப்பது டாலருக்குள் கிடைக்கும். வெளிறிய முகமும் அசையும் கையும்தான் பறவையின் கண்ணில் முதலில் படும். மற்றபடி உடைக்குப் பெரிய செலவு அவசியமில்லை. மோஸி ஓக், ரியல்ட்ரீ என்ற இரண்டு புகழ்பெற்ற உருமறைப்பு வடிவங்களும் 1986இல்தான் சந்தைக்கு வந்தன. அதற்கு முன்னும் மக்கள் வான்கோழி சுட்டுத்தான் சாப்பிட்டார்கள், ராணுவத்தின் பழைய பச்சைச் சட்டையில். மங்கிய பழுப்பும் பச்சையும் போதும், துணி சரசரக்காமல் இருக்க வேண்டும்.

நிறத்தில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்க முடியாது. கிளர்ச்சியடைந்த சேவலின் தலையும் கழுத்தும் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மாறி மாறிப் பளிச்சிடும். அந்த மூன்று நிறமும் வேட்டைக்காரர் உடம்பில் எங்கேயும் தெரியக் கூடாது என்று எல்லா மாநிலப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பனியனின் வெள்ளைக் கழுத்துப் பட்டி, சிவப்புக் காலுறை, சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளைக் கைக்குட்டை எல்லாம் ஆபத்து. புதர் மறைவில் அமர்ந்து அச்சு அசலாகப் பெட்டை போலக் குரல் கொடுக்கும் ஒருவரை, அதே குரலைத் தேடித் தவழ்ந்து வரும் இன்னொருவர் சுட்ட விபத்துகள் உண்டு. பென்சில்வேனியாவில் வசந்தகாலச் சேவலைப் பதுங்கிச் சென்று சுடுவது சட்டப்படியே குற்றம். குரல் கொடுத்து வரவழைக்க மட்டுமே அனுமதி. வேறு வேட்டைக்காரர் நெருங்கி வருவது தெரிந்தால் கையை ஆட்டக் கூடாது, வாய்விட்டுச் சத்தமாகப் பேச வேண்டும். சுட்ட பறவையைத் தோளில் தொங்கவிட்டு நடக்கும்போது சுற்றிக்கொள்ள ஆரஞ்சுத் துணிப்பை ஒன்று, ஐந்தாறு டாலர். இதை வாங்காதவர்கள்தான் அதிகம்.

குரல் கருவிகளில் மூன்று வகை புதியவருக்குப் போதும்போதும் என்கிற அளவு குழப்பம் தரும். பழையது மரப்பெட்டி. அர்கன்சாஸ் மாநிலத்து ஹென்றி கிப்சன் 1897இல் காப்புரிமை பெற்ற வடிவம், சிறு மாறுதல்களோடு இன்றும் விற்கிறது. பெட்டியின் மேல் துடுப்பு போன்ற மூடியை உரசினால் பெட்டைக் குரல் எழும். கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும், ஆனால் மழையில் நனைந்தால் ஊமையாகிவிடும். இரண்டாவது, உள்ளங்கையில் அடங்கும் வட்டத் தட்டு. கற்பலகை அல்லது கண்ணாடி முகப்பில் குச்சியால் உரச வேண்டும். மெல்லிய முனகல் முதல் காடு முழுக்கக் கேட்கும் கூவல் வரை இதில் வரும். மூன்றாவது, அண்ணத்தில் ஒட்டவைத்து ஊதும் லேடெக்ஸ் சவ்வு. பத்து டாலர்தான், கைகள் இரண்டும் துப்பாக்கிக்கே கிடைக்கும் என்பதால் கைதேர்ந்தவர்கள் இதையே விரும்புகிறார்கள். புதியவருக்கு முதல் ஒரு மாதம் குமட்டலும் எச்சிலும்தான் மிஞ்சும்.

முதல் பருவத்துக்கு ஒரு வட்டத் தட்டு, அதற்கு இரண்டு குச்சிகள், அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நூறு டாலர் தட்டுக்கும் இருபத்தைந்து டாலர் தட்டுக்கும் உள்ள வித்தியாசம் சேவலுக்குத் தெரியுமோ என்னவோ, புதியவரின் கைக்குத் தெரியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இணையத்தில் வைத்திருக்கும் நிஜப் பெட்டைகளின் ஒலிப்பதிவை இலவசமாகக் கேட்கலாம். நிஜப் பெட்டை கடைக்காரர் செய்துகாட்டுவதைவிட மிகக் குறைவாகவே கத்தும், இடைவெளி நிறைய விடும். அந்த ஒலிப்பதிவைக் கைபேசியில் கொண்டுபோய்க் காட்டில் ஒலிக்கவிடலாமே என்று தோன்றும். மின்னணுக் குரல் பெரும்பாலான மாநிலங்களில் தடை. வீட்டோடு சரி.

துப்பாக்கி விஷயத்துக்கு வந்தால் விற்பனைப் பேச்சு உச்சத்துக்குப் போகும். இங்கே கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

ரெமிங்டன் 870 என்ற பம்ப் ஷாட்கன் 1950களின் தொடக்கத்திலிருந்து ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. மாஸ்பெர்க் 500 வந்தது 1960களில். இந்த இரண்டில் ஒன்று 12 அல்லது 20 கேஜ் குழல் அளவில், நல்ல நிலையில் பழையதாகக் கிடைத்தால் முதல் பருவத்துக்கு வேறு யோசனை வேண்டாம். மூன்றரை அங்குலத் தோட்டா போடும் 12 கேஜ் தேவை என்று யாராவது சொன்னால் கேட்காமல் நகர்ந்துவிடலாம். அதன் உதை தோளைப் பதம்பார்க்கும். அதைவிடப் பெரிய கேடு, உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போதே கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொள்வது. ஒரு முறை வந்தால் அது எளிதில் போகாது.

தோட்டாவில்தான் உண்மையான மாற்றம் நடந்திருக்கிறது. அதை மறுப்பதும் சரியல்ல. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகு 7.8. டிஎஸ்எஸ் என்று அழைக்கப்படும் டங்ஸ்டன் கலவை 18ஐத் தொடும். அடர்த்தி கூடினால் சிறிய ரவையே ஆழமாகப் பாயும். ரவை சிறுத்தால் ஒரே தோட்டாவுக்குள் அதிகம் அடங்கும். 12 கேஜ் மூன்று அங்குலத் தோட்டாவில் ஐந்தாம் எண் ஈய ரவை ஒன்றே முக்கால் அவுன்ஸ் போட்டால் சுமார் முந்நூறு ரவை வரும். விரல் பருமன்கூட இல்லாத .410 தோட்டாவில் ஒன்பதாம் எண் டங்ஸ்டன் ரவை ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகப் போட்டாலும் அதே முந்நூறு வந்துவிடுகிறது. ஃபெடரல் நிறுவனம் 2018இல் இதைக் கடைத் தோட்டாவாகக் கொண்டுவந்த பிறகு, சிறுவர்களும் மெல்லிய உடல்வாகு உள்ளவர்களும் உதை குறைந்த .410 துப்பாக்கியோடு வான்கோழிக்குப் போக முடிகிறது. இந்தப் பயனுக்காக டங்ஸ்டனை மனதார வரவேற்கலாம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈய ரவை கூடாது என்பதால், அங்கே டங்ஸ்டனும் பிஸ்மத்தும் எஃகும்தான் வழி.

ஆனால் அதே ரவையை 12 கேஜில் அடைத்து, கூடவே ரவை பரவாமல் குறுக்கும் சோக் என்ற குழாயில் மிக இறுக்கமான ஒன்றையும் குழல் முனையில் முறுக்கிக் கொடுத்து, இனி அறுபது கெஜம் உங்கள் கையில் என்று விற்பதுதான் புதியவருக்குப் பொருந்தாத வியாபாரம். மரங்களுக்கு இடையே நாற்பது கெஜத்தையும் அறுபதையும் கண்ணால் பிரித்தறிவது அனுபவசாலிக்கே கடினம். பாதி மறைந்து நிற்கும் பறவையென்றால் இன்னும் கடினம். இன்னொரு தொல்லை அருகில் இருக்கிறது. அவ்வளவு இறுக்கமான சோக்கில், பதினைந்து கெஜத்தில் ரவை மொத்தமும் ஒரு முஷ்டி அளவுக்குள்தான் போகும். ஆடி ஆடி வரும் தலையை அந்த முஷ்டியால் தொடுவது லேசில்லை. வரவழைக்கத் தெரிந்துகொண்ட புதியவர், கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த சேவலைத் தவறவிடுவதற்கு இப்படித்தான் காசு கொடுக்கிறார்.

வாங்க வேண்டியது தாள். வெள்ளைச் சுருள் தாளை மரச்சட்டத்தில் குத்தி, பத்து அங்குல வட்டம் வரைந்து, இருபது, முப்பது, நாற்பது கெஜத்திலிருந்து சுட்டுப் பார்க்க வேண்டும். நாற்பதில் அந்த வட்டத்துக்குள் நூறு ரவையாவது விழுந்தால் அந்தத் துப்பாக்கியும் தோட்டாவும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பது நெடுநாள் அளவுகோல். முப்பதோடு நூறு நின்றுவிட்டால், அவருடைய எல்லை முப்பதுதான். குறி எங்கே விழுகிறது என்று பார்க்கும் முதல் சில வெடிகளுக்கு மலிவான, உதை குறைந்த பயிற்சித் தோட்டா போதும். வேட்டைத் தோட்டா இரண்டு மூன்று செலவழித்தால் விடை கிடைத்துவிடும். குறி வைக்கும் இடம், கழுத்தில் இறகு முடிந்து வெறுந்தோல் தொடங்கும் பகுதி. பதற்றத்தில் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்கிவிடுவதால் வெடி மேலே போய்விடுவது புதியவர்களின் வழக்கமான பிழை. சின்னதொரு ரெட் டாட் குறிபார்க்கும் கருவி அதைத் திருத்தும் என்பது உண்மை. தாளில் சுட்டுப் பார்த்து, பிழை திரும்பத் திரும்ப வந்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

பொம்மைக் கோழி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மடித்துப் பைக்குள் வைக்கும் நுரைப் பெட்டை ஒன்று இருந்தால் சேவலின் பார்வை வேட்டைக்காரரை விட்டு அங்கே போகும், அவ்வளவே. தோகை விரித்த சேவல் பொம்மையையோ விசிறி வாலையோ கையில் பிடித்து ஊர்ந்து போகும் முறை திறந்த புல்வெளியில் எடுபடுகிறது. அதையே பொது நிலத்தில் செய்வது, தன் தலைக்கு முன்னால் குறியை ஏந்திக்கொண்டு போவதற்குச் சமம். விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அலபாமாவில் பருவத்தின் முதல் பத்து நாள் பொம்மையே கூடாது. குழந்தையை அழைத்துப் போகிறவர்கள் பொம்மைக்குப் பதில் மடக்கு கூடாரம் ஒன்றை வாங்குவது நல்ல யோசனை. வான்கோழிகள் அதை ஏனோ பொருட்படுத்துவதில்லை, உள்ளே குழந்தை நெளிந்தாலும் தெரியாது.

கடையின் வான்கோழி வரிசையில் கிடைக்காத ஒரு பொருள் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. மே மாதக் காட்டுத் தரையில் உட்கார்ந்தால் உண்ணி ஏறும். கனெக்டிகட்டின் லைம் என்ற ஊரால் பெயர் பெற்ற லைம் நோயைக் கருங்கால் உண்ணி பரப்புகிறது. தென் மாநிலங்களில் அதிகம் உள்ள லோன் ஸ்டார் உண்ணி கடித்தால், சிலருக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சி எதுவும் ஒத்துக்கொள்ளாத ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை வரும். ஒரு கடியில் மட்டன் பிரியாணிக்கே முழுக்குப் போட வேண்டிய நிலை; வான்கோழி பிரியாணிக்கு மட்டும் தடையில்லை. 0.5 சதவீதப் பெர்மெத்ரினை முதல் நாளே உடை, காலணி, மெத்தை மீது தெளித்து உலர்த்திவிட வேண்டும். தோலில் படக் கூடாது. ஈரமாக இருக்கும்போது பூனைக்கு நஞ்சு.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இதற்கெல்லாம் முந்திய ஒரு படி இருக்கிறது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அந்தத் தடைக்கு உள்ள சில விலக்குகளில் ஒன்று, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். மாநில விதிகள் அதற்கு மேலும் இருக்கலாம். நண்பரின் பண்ணையில் சும்மா சுட்டுப் பழகலாம் என்று இறங்குமுன் இதைச் சரிபார்க்காவிட்டால் விசாவே சிக்கலாகும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உரிமத்துக்குப் பெரும்பாலும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். அந்த வகுப்புக் கட்டணம் முதல் பருவத்தின் மிகச் சிறந்த செலவு.

இவ்வளவு கஞ்சத்தனம் எதற்கு, வேட்டைக்காரர் செலவழித்தால் காட்டுக்குத்தானே நல்லது என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. 1930களில் காட்டு வான்கோழி இரண்டு லட்சம் அல்லது அதற்கும் கீழே சுருங்கியிருந்தது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உற்பத்தியாளர் கட்டும் 11 சதவீத வரி, மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்குப் போகிறது. பண்ணைக் குஞ்சுகளைக் காட்டில் விட்டுப் பார்த்துத் தோற்ற பிறகு, 1950களிலிருந்து வெடிவிசையில் பாயும் வலை வீசிக் காட்டுப் பறவைகளையே பிடித்து, காலியான மாநிலங்களில் கொண்டுபோய் விட்டார்கள். வரியும் உரிமக் கட்டணமும்தான் அதற்குக் கைகொடுத்தன. இன்று அறுபது லட்சத்தை ஒட்டிப் பறவைகள் இருப்பது அப்படித்தான். ஆனால் உருமறைப்புச் சட்டைக்கும் மேலங்கிக்கும் பொம்மைக் கோழிக்கும் அந்த வரி கிடையாது. மலையேற்றம், முகாம் பொருள்களுக்கெல்லாம் இதே மாதிரி வரி போட 1990களில் நடந்த முயற்சியும் கைகூடவில்லை. தாளைச் சுடுவதற்கு வாங்கும் ஒரு பெட்டித் தோட்டாவில் வான்கோழிக்குப் பங்கு உண்டு, நூற்றைம்பது டாலர் சட்டையில் இல்லை.

எண்ணிக்கை மறுபடியும் தென்கிழக்கிலும் மத்திய மேற்கிலும் பல இடங்களில் சரிந்துவருகிறது. டென்னசி 2023இல் பருவத் தொடக்கத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்து, ஒருவருக்கு மூன்று சேவல் என்றிருந்த வரம்பை இரண்டாகக் குறைத்தது. சுட்ட பறவையைப் பதிவு செய்ய வேண்டும் என்று பல மாநிலங்கள் கேட்பதால் வீழ்ந்த பறவைகளின் கணக்கு அவற்றிடம் இருக்கிறது. அறுபது கெஜத்தில் இரண்டு ரவை பட்டு, புதருக்குள் ஓடி மறைந்த சேவலை எவரும் பதிவு செய்வதில்லை.